தறி நின்றால் விழிக்கும் குழந்தை

எங்கள் தெருவில் ஒரு குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று பார்க்க யாரும் கைதட்ட மாட்டார்கள். தட்டினாலும் பயனில்லை. பெரிய காஞ்சிபுரத்தில் நான் வாழ்க்கைப்பட்ட அந்தத் தெருவில், வாசல் தெளித்துக் கோலம் போட்டு முடிப்பதற்குள் முதல் தறி ஓடத் தொடங்கிவிடும். பிறகு வீட்டுக்கு வீடு. இழையை நெருக்கி அடிக்கும் தறிப்பலகை ஒரு வீட்டில் அடித்து ஓயும் இடைவெளியில் அடுத்த வீட்டுப் பலகை அடிக்கும். அந்தச் சத்தத்தில் கையைத் தட்டினால் என்ன, தாம்பாளத்தைத் தட்டினால் என்ன. அதனால் அங்கே சோதனை தலைகீழாக நடக்கும். குழந்தையைத் தறிக்கூடத்தில் தூளி கட்டித் தூங்கவைப்பார்கள். தறி ஓடும்வரை அது தூங்கவேண்டும். தறி நின்றதும் விழிக்கவேண்டும். விழித்துவிட்டால் காது நன்றாக இருக்கிறது என்று பொருள். அதற்குமேல் அந்தக் காதைப் பற்றி யாரும் நினைக்க மாட்டார்கள்.

என் மகள் முதல் நாளே விழித்தாள்.

பிரசவம் செங்கல்பட்டில், என் தாய்வீட்டில். குழந்தையோடு காஞ்சிபுரம் திரும்பிய மறுநாள், கூடத்து உத்திரத்தில் தூளி கட்டினார்கள். கூடத்தில், குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து மிதிக்கட்டையை மிதித்து நெய்யும் குழித்தறிகள் இரண்டு. ஒன்று என் கணவருடையது, மற்றது அவருடைய அண்ணனுடையது. அண்ணன் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். மாமனார் மாமியார் இல்லாத வீட்டில் எல்லாம் அவர்தான். தன் பிள்ளைகள் எல்லோரையும் அதே உத்திரத்தில் தூளி கட்டி வளர்த்தவர். அன்று மதியம் அவர் கூடத்து வாசற்படியில் நின்று கையைக் காட்டினார். இரண்டு தறிகளும் ஒரே நேரத்தில் நின்றன. திடீரென்று வந்த அமைதியில் என் நெஞ்சு அடித்துக்கொண்டது எனக்கே கேட்டது. தூளித் துணியில் ஒரு அசைவு. நான் எட்டிப் பார்த்தேன். அகல விழித்த இரண்டு கண்கள்.

"பாத்துக்கினியா! இன்னா கூர்மையான காது!" என்றார் அக்கா. "அம்மாக்காரி மாதிரி இல்ல. அவள நாலு தரம் கூப்ட்டாத்தான் ஏன்னு கேப்பா."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான் எதற்கும் பயப்படுகிறவள். குழந்தை தூங்கினால் மூக்கடியில் விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பேன். அடுப்பை அணைத்துவிட்டு வந்து, அணைத்தேனா என்று திரும்பிப் போய்ப் பார்ப்பேன். உச்சிக்குழி, தொப்புள், பால் போதாமை, கத்தரிவெயில், பல்லி எச்சம் என்று பயப்பட ஒரு பட்டியலே வைத்திருந்தேன். அந்தப் பட்டியலில் காது மட்டும் இல்லை. அது தினமும் என் கண்ணெதிரே நிரூபணமாகிக்கொண்டிருந்தது.

நான் பி.யூ.சி. வரை படித்தவள். அந்த ஒரு வருடப் படிப்பில் தர்க்கமும் ஒரு பாடம். ஒருநாள் வகுப்பில் எங்கள் ஆசிரியை மேஜையைக் காட்டி, இது இருக்கிறது என்று உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். முன்வரிசைப் பெண் ஒருத்தி மேஜையைத் தட்டி, "சத்தம் வருதே மேடம்" என்றாள். "கனவுலயும் சத்தம் வரும். உட்காரு" என்றார் அவர். நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். பரீட்சையில் அந்தக் கேள்வியே வந்தது. ஒரு பொருள் பலருக்கும் ஒரே மாதிரி தெரிந்தால், ஒவ்வொரு முறையும் அப்படியே நடந்தால், ஒரு புலன் சொல்வதை இன்னொரு புலன் மறுக்காமல் இருந்தால், அதை உண்மை என்று கொள்ளலாம் என்று எழுதினேன். நல்ல மதிப்பெண் கிடைத்தது. அதன்பிறகு அதைப் பற்றி நினைக்க எனக்கு அவசியமே வரவில்லை. மேஜை இருந்தது. அதன்மேல் சாப்பாட்டுக்கூடையை வைத்தேன். அவ்வளவுதான்.

என் மகளுக்குக் காது கேட்பதும் அந்த மேஜை மாதிரிதான் இருந்தது. எல்லோரும் பார்த்தோம். தினமும் நடந்தது. எதுவும் எதையும் மறுக்கவில்லை. கணவர் தறிக்குழியில் உட்கார்ந்தபடி, "ஏ குட்டி" என்று கூப்பிட்டால், தரையில் விளையாடிக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்ப்பாள். நான் பின்கட்டிலிருந்து பேசிக்கொண்டே வந்தால், நான் வாசற்படியைத் தாண்டுவதற்குள் சிரிக்கத் தொடங்குவாள். அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டு பாடுவேன். எனக்குப் பாட்டு வராது. இருந்தாலும் அவள் கன்னத்தை என் மார்பெலும்பில் அழுத்திக்கொண்டு கேட்பாள். நிறுத்தினால் முனகுவாள். என் பாட்டையும் விரும்பிக் கேட்க ஒரு உயிர் பிறந்திருக்கிறதே என்று எனக்குப் பெருமையாக இருக்கும்.

பேச்சு வரவில்லை. அதற்கும் எங்கள் தெருவில் பதில் இருந்தது. தறி ஓடும் வீட்டில் யாரும் வாயால் பேசுவதில்லை. தொண்டை கிழியக் கத்துவதைவிடக் கையைக் காட்டுவது சுலபம். விரல்களைக் குவித்து வாயருகே கொண்டுபோனால் சாப்பாடு. கட்டைவிரலை உதட்டில் வைத்தால் தண்ணீர். உள்ளங்கையைக் கவிழ்த்து மெல்லத் தாழ்த்தினால் தறியை நிறுத்து, அல்லது தறி நின்றுவிட்டது. என் மகள் நிற்கக் கற்பதற்கு முன்பே இதெல்லாம் கற்றுவிட்டாள். யார் சொன்னாலும் புரிந்தது. யாருக்கும் சொல்லத் தெரிந்தது.

"வாய் பேசறதுக்கு முன்ன கை பேசுது. நம்ம வூட்டுப் புள்ள" என்றார் அக்கா. "என் பெரியவன் ஒண்ணரை வயசு வரைக்கும் வாயே தொறக்கல. இப்ப மூடச் சொல்லு பாக்கலாம்."

கணவரின் தறிக்குப் புது ஜக்காடு பெட்டி வந்தபோதுதான் எல்லாம் மாறியது. புடவைக் கரையில் பூ விழவைக்கிற அந்தப் பெட்டியைத் தறிக்கு மேலே ஏற்றவேண்டும். உத்திரத்தில் இடம் வேண்டும் என்று தூளியை அவிழ்த்துப் பின்கட்டில், சமையலறைக்கு அடுத்த அறையில் கட்டினார்கள். அது பிற்பாடு சேர்த்துக் கட்டிய அறை. அதற்குத் தனிச் சுவர், தனி உத்திரம்.

பெட்டி ஏற்றி முடிந்து தறி மறுபடி ஓடத் தொடங்கிய நாள். மதியச் சாப்பாட்டுக்குத் தறிகள் நின்றன. நான் பழக்கத்தில் கையைத் துடைத்துக்கொண்டு தூளியிடம் போனேன். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும்.

அக்காவிடம் சொன்னேன். "இடம் மாறுனா புள்ளைங்க அசந்து தூங்கும். தூங்கினா தூங்குதேன்னு கவலை, தூங்கலன்னா தூங்கலியேன்னு கவலை. உன்னை இன்னா பண்றது?" என்றார். அவர் சொல்வது சரிதான் என்று தோன்றியது. அவர் சொல்வது எப்போதும் சரியாகத்தான் தோன்றும்.

அன்று சாயங்காலம் பின்கட்டுப் பரணிலிருந்து பித்தளைக் குடத்தை இறக்கும்போது கை நழுவிவிட்டது. கருங்கல் தரையில் விழுந்து, உருண்டு, மறுபடி விழுந்தது. தறிகள் ஓயும் வேளை. அந்தச் சத்தத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டுக் கைக்குழந்தை வீறிட்டு அழுதது. அதன் அம்மா, "யார்பா அது, புள்ளய எழுப்பி வுட்டீங்களே!" என்று கத்தினாள். நான் குடம் விழுந்த இடத்துக்கும் தூளிக்கும் நடுவில் நின்றிருந்தேன். துணி அசையவில்லை. பிரித்துப் பார்த்தேன். என் மகள் வாயை லேசாகத் திறந்துகொண்டு, கையை மடக்கித் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு, எதுவுமே நடக்காத ஓர் உலகத்தில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை, யாரும் பார்க்காதபோது கூடத்துக்குப் போனேன். பழைய இடத்தில் தூளிக்கயிற்றின் ஒரு துண்டு இன்னும் உத்திரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அதை விரல்களால் பிடித்தேன். கயிற்றுக்குள் ஏதோ ஊர்ந்தது. ஒவ்வொரு பலகை அடிக்கும் ஒரு சின்னத் துடிப்பு. தறியின் மேல்கட்டு முழுவதும் அந்த உத்திரத்திலிருந்துதான் தொங்குகிறது. நான் பிடித்துக்கொண்டே நின்றேன். கணவர் அறுந்த இழையை முடிய மிதியிலிருந்து காலை எடுத்தார். அவர் அண்ணனும் நூல் தீர்ந்த தார்க்குச்சியை மாற்ற நிறுத்தினார். என் விரல்களுக்குள் கயிறு செத்துப்போனது.

பின்கட்டுக்கு வந்தேன். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். தூளிக்கயிற்றின்மேல் விரல் நுனியால் தட்டத் தொடங்கினேன். தறியின் தாளத்தில், மெல்ல, சத்தம் வராமல். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு தட்டினேன். வெகுநேரம் தட்டினேன் என்று நினைக்கிறேன். பிறகு நிறுத்தினேன்.

அவள் கண்ணைத் திறந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பைப் பற்றி நான் யாரிடமும் சொன்னதில்லை. ஒரு தாய் தன் குழந்தை விழித்துச் சிரிப்பதைப் பார்த்து அப்படிப் பயந்திருப்பாளா என்று தெரியவில்லை.

கணவரிடம் சொல்லத் தைரியம் வரச் சில நாட்களாயிற்று. மத்தியானம் அவர் வெற்றிலை போடும் நேரத்தில் சொன்னேன்.

"இன்னா பேசுற நீ?" என்றார். "இப்ப பாரு." தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்தார். குழந்தை தரையில் அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, காலித் தார்க்குச்சிகளை அடுக்கிக்கொண்டிருந்தது. "ஏ குட்டி!" என்றார். அவள் திரும்பினாள். "போதுமா?" என்றார் என்னிடம்.

"காலைத் தூக்கிக்கினு கூப்பிடுங்க."

"இன்னாது?"

"கூப்பிடும்போது மிதிக்கட்டைய அமுத்துறீங்க. கால மேல தூக்கிக்கினு கூப்பிடுங்க."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். காலைக் குழிக்கு வெளியே எடுத்து மடித்து உட்கார்ந்தார். கூப்பிட்டார். அவள் குச்சிகளை அடுக்கினாள். இன்னும் உரக்கக் கூப்பிட்டார். அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்க்கும் அளவுக்கு உரக்க. அவள் ஒரு குச்சியை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடி வைத்தாள். அவர் காலைக் குழிக்குள் விட்டு, வாயைத் திறக்காமல், மிதியை ஒருமுறை அழுத்தினார். அவள் திரும்பி அவரைப் பார்த்து இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"அப்ப இத்தினி நாளா," என்று தொடங்கினார். முடிக்கவில்லை. அவருக்கும் மனத்துக்குள் ஒரு மகள் இருந்தாள், அவர் குரலுக்குத் திரும்புகிறவள். அந்த மத்தியானத்தோடு அவள் போய்விட்டாள்.

சென்னையில் பெரிய ஆஸ்பத்திரி. டாக்டர் வயதானவர், பொறுமையானவர். குழந்தையை என் மடியில் உட்காரவைத்து, அவளுக்குப் பின்னால் நின்று மணி அடித்தார். ஒரு கிலுகிலுப்பையைக் குலுக்கினார். இரும்புக் கவை ஒன்றைத் தட்டிக் காதருகே பிடித்தார். அவள் சுவரில் மாட்டியிருந்த காலண்டர் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

கணவர் எழுந்து நின்றார். "சார், தறி நின்னா முழிச்சிக்குவா சார். எங்க ஊட்டாண்ட எல்லாரும் பாத்திருக்காங்க." அவருக்குத் தெரியும். தெரிந்தும் சொன்னார்.

டாக்டர் அவரை உட்காரச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "பிறவியிலேயே இருந்திருக்கும்மா. உங்க குழந்தை ரொம்பக் கெட்டிக்காரி. அதனாலதான் உங்களுக்கு இவ்வளவு நாள் தெரியல" என்றார். மருந்து இல்லை என்றார். பள்ளி வயது வந்தால் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்று பள்ளிக்கூடம் இருக்கிறது, அங்கேயே தங்கிப் படிக்கலாம் என்றார். வேறு ஏதாவது கேட்கவேண்டுமா என்றார். எனக்குக் கேட்க ஒன்றுதான் இருந்தது. இத்தனை நாளும் அவள் என்னோடு இருந்தாளா என்று கேட்கவேண்டும். அதை ஒரு டாக்டரிடம் எப்படிக் கேட்பது?

திரும்பும் பஸ்ஸில் என் மடியில் தூங்கினாள். ஸ்ரீபெரும்புதூரில் வண்டி நின்று டிரைவர் எஞ்சினை அணைத்தார். அவள் விழித்துக்கொண்டாள். பக்கத்து இருக்கையில் பூக்கூடையோடு இருந்த அம்மாள், "வண்டி நின்னதும் முழிச்சிக்கிச்சு பாரு. காது அவ்ளோ உஷாரு! பேர் இன்னாம்மா?" என்றாள். நான் பெயரைச் சொன்னேன். கணவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த அம்மாள் குழந்தையின் தாடையைப் பிடித்துக் கொஞ்சிக் கொஞ்சிப் பேசினாள். அவள் வாயையே பார்த்துச் சிரித்தது குழந்தை. பார்ப்பவர்கள் யாரும் அதை உரையாடல் இல்லை என்று சொல்லியிருக்க முடியாது.

வீட்டில் அக்கா நம்பவில்லை. "அந்த டாக்டரு தறிய கண்ணால பாத்திருக்கானா? மணி அடிச்சானாம். நாம இன்னா மணி அடிச்சா புள்ள வளக்குறோம்?" என்றார். தூளியைத் தன் கையாலேயே கூடத்து உத்திரத்தில் மறுபடி கட்டினார். புதுப் பெட்டிக்குப் பக்கத்தில் நெருக்கியடித்து ஒரு இடம் கண்டுபிடித்தார். மறுநாள் மதியம் கையைக் காட்டினார். தறிகள் நின்றன. குழந்தை விழித்தது. "இன்னா சொல்ற இப்ப?" என்றார் என்னிடம். அவர் கண்கள் கலங்கியிருந்தன. அவருக்கும் என் மகள்மேல் உயிர்.

அந்தக் கூடத்தில் இருந்த எல்லோரும் ஒன்றைப் பார்த்தார்கள். தினமும் அது அப்படியே நடந்தது. எதுவும் அதை மறுக்கவில்லை. பரீட்சையில் நான் எழுதிய விடை அப்படியே என் முன்னால் நின்றது. அது பொய்.

அதற்குப் பிறகு வந்த நாட்களைப் பற்றி எழுதுவது கடினம். வெளியில் எதுவும் நடக்கவில்லை. சமைத்தேன், துவைத்தேன், தார் சுற்றினேன். உள்ளே நான் என் மகளோடு இருந்த நாட்களை ஒவ்வொன்றாக எடுத்து அழித்துக்கொண்டிருந்தேன். அவள் என் பாட்டைக் கேட்டாள். இல்லை, என் மார்பெலும்பு அதிர்ந்தது. நான் பேசிக்கொண்டு வருவதைக் கேட்டுச் சிரித்தாள். இல்லை, முற்றத்து வெயிலில் என் நிழல் எனக்கு முன்னால் வந்தது. அவள் பெயர் சொன்னால் தெரியும். இல்லை, அவளுக்குப் பெயரே இல்லை. நாங்கள் பெயர் வைத்த குழந்தை ஒன்று எங்கள் தலைக்குள் வளர்ந்தது. தூளியில் வேறொரு குழந்தை வளர்ந்தது. அவளை நான் சந்தித்ததே இல்லை.

அழித்துக்கொண்டே போனால் எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை. அதுதான் என் நோய் என்று நினைக்கிறேன். எங்கள் ஊர்க் கோயிலில் ஒரு பழைய மாமரம் உண்டு. நாலு கிளைக்கு நாலு ருசி என்பார்கள். கல்யாணமான புதிதில், குழந்தை வேண்டும் என்று அக்கா அந்த மரத்துப் பழத்தில் ஒரு கீற்றுக் கொண்டுவந்து கொடுத்தார். "இது தித்திப்புக் கிளை" என்று சொல்லித்தான் கொடுத்தார். தின்றேன். தித்தித்தது. "தித்திக்குதாம்மா?" என்றார். "ஆமாக்கா" என்றேன். அது நிஜமாகவே தித்தித்ததா, அவர் சொன்னதால் தித்தித்ததா என்ற கேள்வி இத்தனை காலம் கழித்து, குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருக்கும்போது வந்தது. நாக்கில் அந்த ருசியைத் தேடினேன். கிடைக்கவில்லை. அக்காவின் குரல்தான் கிடைத்தது.

உப்புப் பார்க்க எனக்குப் பயமாகிவிட்டது. குழம்பை உள்ளங்கையில் ஊற்றி வாயில் வைத்துவிட்டு, சரியாக இருக்கிறதா என்று மற்றவர்களைக் கேட்பேன். அவர்கள் சரி என்பார்கள். அவர்கள் சரி என்பதற்கு என்ன அர்த்தம்? இதே மனிதர்கள்தானே. அடுப்பு அணைந்துவிட்டதா என்று கண்ணால் பார்த்தது போதாமல் கரியைக் கையால் தொட்டுப் பார்த்தேன். ஒருநாள் அணைந்திருக்கவில்லை. விரல் வெந்தது. அந்த வலி மட்டும் நிஜம் போலிருந்தது. ஒரு மத்தியானம் முழுக்க அதைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மறுநாள் கொப்புளம் இருந்தது, வலி இல்லை. அதையும் விட்டுவிடவேண்டியதாயிற்று.

கணவரிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். "நமக்குக் கேக்குதே, அது மட்டும் இன்னாங்க? எங்கியோ ஒண்ணு அதிருது. நம்ம காதுக்குள்ள ஒண்ணு அதிருது. அவளுக்குக் கயிறு, நமக்குக் காது. அந்தாண்ட நிஜமா இன்னா இருக்குதுன்னு நமக்கு மட்டும் தெரியுமா?"

அவர் நெய்துகொண்டே இருந்தார். தலையை ஆட்டினார். தறிச் சத்தத்தில் நான் சொன்னது அவருக்குக் கேட்டதா என்று எனக்குத் தெரியாது. எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவர் தலையாட்டியதில் எத்தனை பங்கு கேட்டு ஆட்டியது என்று அப்போதுதான் முதன்முதலாக யோசித்தேன். பிறகு யோசிக்காமல் இருக்க முயன்றேன்.

சில நாட்கள் எனக்கே அக்காவின் பக்கம் போய்விடலாம் என்று தோன்றும். அங்கே எல்லோரும் இருக்கிறார்கள். அங்கே என் மகளுக்குக் காது கேட்கிறது. கணவரை விட்டால் டாக்டரும் நானும் மட்டும்தான் இந்தப் பக்கம். டாக்டரை நான் ஒரே ஒருமுறை பார்த்திருக்கிறேன். அந்த அறை, மணி, காலண்டர் படம் எல்லாம் ஒரு கெட்ட கனவின் சாமான்கள் மாதிரி இருக்கும். அப்போது மகளுக்குப் பின்னால் போய் நின்று மெதுவாகக் கூப்பிடுவேன். அவள் திரும்ப மாட்டாள். பழைய வேதனை திரும்பி வரும். அந்த வேதனை வந்தால்தான் நான் எங்கே நிற்கிறேன் என்று எனக்குத் தெரியும்.

அவளுக்கு இப்போது நாலு வயது நடக்கிறது. தூளிக்கு அடங்காமல் கால் நீண்டுவிட்டது. தறிக்காலைக் கட்டிக்கொண்டு, கன்னத்தை மரத்தில் வைத்து நிற்பாள். மணிக்கணக்கில் நிற்பாள். அவளுக்கு அதில் என்ன கிடைக்கிறது என்று எனக்குத் தெரியாது. பசித்தால் உதட்டைச் சேர்த்துப் பிரிப்பாள். ஒருநாள் அப்படிப் பிரிக்கும்போது 'ம்மா' என்று ஒரு சத்தம் வந்துவிட்டது. அக்கா ஓடி வந்து அவளைத் தூக்கிக்கொண்டு, "அம்மான்னுச்சு! கேட்டியா, அம்மான்னுச்சு!" என்று தெருவுக்கே சொன்னார். சர்க்கரை எடுத்து எல்லோர் வாயிலும் போட்டார். என் வாயிலும் போட்டார். மூடிய உதடு திறந்தால் எந்த உயிருக்கும் வருகிற சத்தம் அது. மாட்டுக்கும் வரும். நான் காத்திருந்த சொல் அதுதான். அது வந்தபோது என்னால் அதை எடுத்துக்கொள்ள முடியவில்லை. "இன்னா கண்ணு" என்று பதில் சொன்னேன். அது அவளுக்குப் போகவில்லை. அவளுடையது எனக்கு வந்ததா என்றும் தெரியவில்லை.

இப்போது எனக்கு ஆறாம் மாதம். இரண்டாவது.

நேற்று மதியம் தறிக்குழி ஓரத்தில் காலை நீட்டி உட்கார்ந்து தார் சுற்றிக்கொண்டிருந்தேன். மகள் என் தொடையில் சாய்ந்திருந்தாள். சாப்பாட்டுக்குத் தறிகள் நின்றன. நின்ற உடனே என் வயிற்றுக்குள் ஒரு துள்ளல். புடவைக்கு மேலேயே தெரிந்தது. அக்கா பார்த்துவிட்டார். ஓடி வந்து வயிற்றில் கையை வைத்தார்.

"தறி நின்னதும் துள்ளுது பாத்தியா! உள்ள இருக்கும்போதே இன்னாமா கேக்குது! எம்மா, இதுக்குக் காது நல்லாருக்குது. நீ ஒண்ணும் கவலப்படாத."

ஒரு நொடி எனக்குச் சந்தோஷம் வந்தது. அதை மறைக்கமாட்டேன். முதல் நாள் தூளியில் இரண்டு கண்களைப் பார்த்தபோது வந்த அதே சந்தோஷம், அதே இடத்தில், நெஞ்சுக்குக் கீழே. பிறகு நான் உட்கார்ந்திருந்த தரையை நினைத்தேன். குழியை ஒட்டிய தரை. இத்தனை நேரம் என் முதுகெலும்பு வழியாக, இடுப்பு வழியாக உள்ளே போய்க்கொண்டிருந்தது என்னவென்று நினைத்தேன். என் உடம்புதான் இப்போது உத்திரம். நான்தான் கயிறு. இந்தக் குழந்தை பிறந்து, வளர்ந்து, கேட்கிறது என்று ஊரே சொன்னாலும், டாக்டரே சொன்னாலும், எனக்கு அது எப்படித் தெரியும் என்று யோசித்தேன். ஒரு வழியும் தோன்றவில்லை.

"சிரியேன்டி கொஞ்சம்" என்றார் அக்கா.

சிரித்தேன்.

அப்போது மகள் எழுந்து உட்கார்ந்து, அக்காவின் கையைத் தள்ளிவிட்டுத் தன் கையை என் வயிற்றில் வைத்தாள். மறுபடி ஒரு துள்ளல். அவள் முகம் மாறியது. கையை எடுக்காமல் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு இன்னொரு கையின் உள்ளங்கையைக் கவிழ்த்து, மெல்லத் தாழ்த்தினாள்.

தறி நின்றுவிட்டது என்று என்னிடம் சொன்னாள். அல்லது உள்ளே இருப்பதை நிறுத்தச் சொன்னாள். அல்லது தறி நின்றுவிட்டது என்று உள்ளே இருப்பதற்குச் சொன்னாள். எனக்குத் தெரியாது. நான் தலையை ஆட்டினேன். அவளும் ஆட்டினாள். பக்கத்தில் நின்றவர்களுக்கு நாங்கள் ஏதோ பேசிக்கொண்டது போலத்தான் இருந்திருக்கும்.